செக் எஞ்சின் லைட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ரிப்போர்ட்டும்

1/
வழக்கமா காய்ச்சல், சுகர், பிரஷர்னு எழுதுற ஆளு நான். இன்னைக்கு என் கார் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. கார் இல்லாதவங்களும் படிக்கலாம். உடம்பு எல்லாருக்கும் இருக்குல்ல!

2/
என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். குவார்ட்டர்ஸ் வாசலில் புங்க மரத்தடியில் நிற்கும். போன வருடம் மே மாதம் ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிந்தது. அதுதான் செக் எஞ்சின் லைட். கார் ஓடியது. ஆனால் மைலேஜ் குறைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வாடை அடித்தது.

3/
முதல் ஒர்க்‌ஷாப். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0113 என்று ஒரு கோடு வந்தது.
"இன்டேக் சென்சார் போயிடுச்சு சார். மாத்திடலாம்."
மாற்றினார்கள். சென்சாரும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய். கோடை அழித்தார்கள், லைட் அணைந்தது. எனக்கும் சந்தோஷம். ஆறாம் நாள் மறுபடி எரிந்தது.

4/
இரண்டாவது ஒர்க்‌ஷாப். "முன்னாடி போட்டது டூப்ளிகேட் சார். ஒரிஜினல் போட்டாத்தான் நிக்கும்." 4,800 ரூபாய். இரண்டு வாரம் நின்றது. பிறகு மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு, அதே பி0113.
இந்த முறை சொன்னது: "எஞ்சின் கம்ப்யூட்டரே போயிருக்கலாம் சார். இருபதாயிரத்துக்கு மேல ஆகும்."

5/
அரசு டாக்டர் சம்பளத்தில் வீட்டுக் கடன் போக மிச்சம் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். "யோசிச்சு சொல்றேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பி வைத்தார். தகரக் கொட்டகை, வேப்பமரம், ஒரே ஒரு உதவியாள். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

6/
ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படியானால் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். சில வண்டிகளில் காற்றின் நிறையை நேரடியாக அளக்கும் சென்சார் உண்டு. அதை மாஃப் சென்சார் என்பார்கள். இன்னும் பல வண்டிகளில் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் அளந்து கணக்குப் போடுவார்கள். என் வண்டி இரண்டாவது வகை.

7/
வெப்பம் எதுக்கு? சூடான காற்று லேசானது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 40 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.13 கிலோ. அதே காற்று 0 டிகிரியில் 1.29 கிலோ. காற்று அதிகம் என்றால் பெட்ரோலும் அதிகம் ஊற்ற வேண்டும். இந்த வெப்பத்தைச் சொல்வதுதான் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சினின் மூக்கில் வைத்த தெர்மாமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

8/
உள்ளே இருப்பது ஒரு சின்ன மின்தடை. சூடு ஏறினால் தடை குறையும், குளிர்ந்தால் கூடும். கம்ப்யூட்டர் அதற்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும். நிறைய இறங்கினால் சூடு. கொஞ்சம் இறங்கினால் குளிர்.
சரி, வயரே அறுந்து போனால்? வோல்டேஜ் இறங்கவே இறங்காது, உச்சத்தில் நிற்கும். கம்ப்யூட்டர் அதை "பயங்கரக் குளிர்" என்று படிக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது மைனஸ் 40 டிகிரி என்று காட்டும்.

9/
இப்போது கோடைப் பிரித்துப் படிக்கலாம். பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. அடுத்த 1 என்றால் காற்று, எரிபொருள் அளவு சம்பந்தப்பட்டது. 13 என்றால் காற்று வெப்ப சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம்.
கவனிங்க. "சர்க்யூட்". சென்சார், கப்ளர், இரண்டு வயர், கம்ப்யூட்டர், இவ்வளவும் சேர்ந்ததுதான் சர்க்யூட். "சென்சார் கெட்டுப் போச்சு" என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை.

10/
ஒரு நோயாளி வந்து "வயிறு வலிக்குது டாக்டர்" என்கிறார். அது புகார். "குடல்வால் அழற்சி" என்பது முடிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மருத்துவர் கை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பி0113 என்பதும் வண்டி சொன்ன வயிற்று வலிதான். என் முதல் இரண்டு ஒர்க்‌ஷாப்பும் புகாரைக் கேட்டவுடனே நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போய்விட்டன.

11/
இனி தகரக் கொட்டகை. மெக்கானிக் அண்ணன் முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.
"எப்ப ஆரம்பிச்சுது சார்? மழையில நனைஞ்ச பிறகா? பேட்டரி மாத்தினீங்களா? வண்டி ராத்திரி எங்க நிக்கும்? எத்தனை நாளா ஓட்டாம நின்னுச்சு?"
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதைத்தானே எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் கதையைக் கேள்.

12/
பிறகுதான் ஸ்கேனர். கோடைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. லைவ் டேட்டா என்ற பக்கத்தைத் திறந்தார். வண்டி அந்த நொடியில் என்ன படிக்கிறது என்று அதில் தெரியும். காற்றின் வெப்பம்: மைனஸ் 40.
வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அண்ணன் சிரித்துவிட்டார்.
"சியாச்சின்லயா சார் நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

13/
அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்பினால், 40 டிகிரி வெயிலில் வேண்டியதை விட மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை அதிகம் ஊற்றும். நல்ல வேளையாக, கோடு விழுந்ததும் பல வண்டிகள் அதை நம்பாமல் உத்தேசமாக ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரும் கொஞ்சம் சரிக்கட்டும். அதனால்தான் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே பர்ஸை மட்டும் காலி செய்தது.

14/
அடுத்து அவர் செய்த பரிசோதனைக்குப் புது பார்ட் எதுவும் தேவைப்படவில்லை. சென்சாரின் கப்ளரைக் கழற்றினார். வெப்ப சிக்னல் பின்னையும் கிரவுண்ட் பின்னையும் ஒரு சின்ன வயரால் இணைத்தார். வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருந்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 மாறி நூறு டிகிரிக்கு மேல் எகிற வேண்டும். எகிறியிருந்தால் குற்றவாளி சென்சார்.
எகிறவில்லை. மைனஸ் 40-லேயே நின்றது.
"சென்சார் மேல தப்பு இல்ல சார். வயரைப் பாக்கணும்."
(எந்தப் பின் எது என்று தெரியாமல் இதை வீட்டில் செய்யாதீர்கள். 5 வோல்ட் சப்ளையை கிரவுண்டோடு இணைத்தால் புதுப் பிரச்சனை வரும்.)

15/
பிறகு மல்டிமீட்டர். கப்ளரின் சிக்னல் பின்னில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை. வயரிங்கைக் கையால் பிடித்து இஞ்ச் இஞ்சாக அசைத்தார். நான் ஸ்கேனரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் கை போனபோது மைனஸ் 40, 46 ஆனது. திரும்ப மைனஸ் 40.
பெட்டியைக் கழற்றினால், எலி கடித்த வயர். கூடவே தேங்காய் நாரும் புங்க இலையும். எங்கள் குவார்ட்டர்ஸ் எலி என் காருக்குள் வீடு கட்டியிருந்தது!

16/
பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, சுடவைத்து இறுக்கிக் கட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். கடைசியாகத்தான் கோடை அழித்தார். கூலி 500 ரூபாய். ஒரு வருடம் ஆகிறது. அந்த லைட் மறுபடி எரியவில்லை.

17/
எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அண்ணே, வயர்தான் தப்புன்னா, ரெண்டு தடவையும் சென்சார் மாத்தினதும் சரியாச்சே?"
"மாத்தும்போது வயர் அசைஞ்சிருக்கும் சார். அறுந்த முனை ரெண்டும் ஒட்டிக்கிட்டு கொஞ்ச நாள் ஓடியிருக்கும். நீங்க சென்சார்தான் காரணம்னு நினைச்சிருப்பீங்க."
இந்த இடத்தில் நான் என்னைப் பார்த்தேன் நண்பர்களே.

18/
வைரஸ் காய்ச்சல் மூன்று, நான்கு நாளில் தானாகக் குறையும். மூன்றாம் நாள் ஒருவர் ஊசி போட்டுக்கொள்கிறார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. "அந்த டாக்டர் கைராசி, ஒரே ஊசியில நின்னுடுச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார். ஊசி செய்தது என்ன? வயரை அசைத்தது. குணமான பெருமையோ புது சென்சாருக்குப் போய்விட்டது.

19/
இப்போது என் கதை. இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். பணியில் சேர்ந்த முதல் வருடம். ஆரம்ப சுகாதார நிலையம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, களை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். ஐந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி. கையில் ஒரு தனியார் லேப் ரிப்போர்ட். வைடல் டெஸ்ட் பாசிட்டிவ். அந்த வார்த்தைக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

20/
அன்று காலை டோக்கன் 130-ஐத் தாண்டியிருந்தது. நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நாடி பார்த்தேன். டைபாய்டு என்று எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

21/
மூன்றாம் நாள் இரவு மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே பணியில் இருந்த ஒரு முதுநிலை மாணவி, பக்கத்தில் செவிலியரை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கப் பார்த்திருக்கிறார். அக்குளில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.
ஸ்க்ரப் டைபஸ்.

22/
புதர், புல்வெளியில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் காய்ச்சல் இது. கடித்த இடத்தில் இப்படி ஒரு பொருக்கு வரலாம். எல்லோருக்கும் வராது. வந்தாலும் வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் இருக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற, விலை மலிவான, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும் மாத்திரைக்குக் கட்டுப்படும். நான் எழுதிய செஃபிக்சிமுக்குக் கட்டுப்படாது.

23/
அந்த அம்மா ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ் தாமதமானால் நுரையீரல், கிட்னி, மூளை என்று எதையும் தாக்கும்.
அந்தப் பொருக்கு நான் பார்த்த அன்றும் அவர் அக்குளில் இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கையைத் தூக்கச் சொல்லவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றவில்லை. கோடைப் படித்தேன், பார்ட்டை மாற்றினேன்.

24/
வைடல் டெஸ்ட் 1896-இல் வந்தது. டைபாய்டு கிருமிக்கு எதிராக நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. கிருமியையே பார்ப்பதில்லை. எப்போதோ வந்து போன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, ஏன், வேறு சில காய்ச்சல்களில்கூட அது பாசிட்டிவ் காட்டலாம். டைபாய்டு பரவலாக இருக்கும் நம் ஊரில் ஒரே ஒரு வைடலை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு. இது படிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த சிவப்புக் கோடு என் கண்ணை மறைத்தது.

25/
சென்சார் தப்பாகச் சொல்வது மருத்துவத்தில் அபூர்வம் இல்லை. சிலருக்கு ரத்தம் எடுக்கும் குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒரு கொத்தை ஒன்று என்று எண்ணும் அல்லது எண்ணாமலே விடும். ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 40 ஆயிரம் என்று வரும். வீட்டில் அழுகை, பப்பாளி இலை தேடல், நகையை அடகு வைக்க ஓட்டம். அதே ரத்தத்தை ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்துக்கள் தெரியும். அந்த ஆளுக்கு ஒன்றுமே இல்லை.

26/
பருமனான கையில் சின்ன பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் அதிகமாகக் காட்டும். அடர்ந்த நகப்பூச்சு இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் குறைத்துக் காட்டலாம். இவையெல்லாம் உடம்பின் நோய் இல்லை, வயரின் நோய். அதற்காக "மீட்டர் தப்பு" என்று எல்லாவற்றையும் ஒதுக்கவும் கூடாது. திரும்பப் பார்க்க வேண்டும், வேறு வழியில் சரிபார்க்க வேண்டும், ஆளைப் பார்க்க வேண்டும்.

27/
இப்போது நான் சொல்ல வந்த கருத்து. கொஞ்சம் கசக்கும்.
ஒர்க்‌ஷாப்காரர்களைத் திட்டுவது எளிது. ஆனால் யோசித்துப் பாருங்கள். "ஒரு மணி நேரம் தேடிப் பாத்தேன் சார், பார்ட் எதுவும் மாத்தல, 800 ரூபாய் குடுங்க" என்று ஒருவர் சொன்னால் நம்மில் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்போம்? "சும்மா பாத்ததுக்கா 800?" அதே ஆளிடம் 3,400 ரூபாய் சென்சாருக்குக் கொடுக்க நமக்குத் தயக்கமே இல்லை. கையில் ஒரு பெட்டி வருகிறதே!

28/
என் ஓபியிலும் இதுதான். பத்து நிமிடம் பேசி, நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்து, "இது சாதாரண சளி, மருந்தே வேணாம், சுடுதண்ணி குடிங்க" என்று அனுப்பினால் வாசலில் கேட்கும் குரல்: "இந்த டாக்டர் ஒன்னுமே பாக்கல. ஊசிகூட எழுதல." இரண்டு நிமிடத்தில் ரத்தம், எக்ஸ்ரே, ஊசி என்று எழுதினால் "நல்லா பாத்தாரு".
பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் நாம் விலை வைக்கவில்லை. பார்ட்டுக்கும் ஊசிக்கும் டெஸ்ட்டுக்கும்தான் விலை வைத்திருக்கிறோம். எதற்கு விலை வைக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும்.

29/
"டாக்டர், 130 டோக்கன் இருந்தா எப்படி சார் யோசிக்கிறது?" என்று என் சக மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதை அரசிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அந்த முதுநிலை மாணவியின் வார்டும் நிரம்பித்தான் வழிந்தது. மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் எந்தக் காய்ச்சலுக்கும், செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு, இடுக்குகள் உட்பட உடம்பைப் பார்ப்பது என்று அன்று முடிவு செய்தேன். ஒரு நிமிடம் கூடுதலாகும். வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும்.

30/
டெஸ்ட் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனர் இல்லாமல் அந்த மைனஸ் 40 அண்ணனுக்கும் தெரிந்திருக்காது. சுகர் டெஸ்ட் பார்க்காமல் சுகரைப் பிடிக்க முடியாது. சில நேரம் சென்சார் நிஜமாகவே கெட்டுத்தான் இருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். மாற்றுவதற்கு முன்னால், அதுதான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது?

31/
கார் வைத்திருப்பவர்களுக்கு.
அ) கோடு நம்பரையும், அதோடு பதிவாகியிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நொடியில் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழியும். பிளட் கல்ச்சர் எடுக்காமல் ஆன்டிபயாடிக் போடுவது மாதிரிதான்.
ஆ) "லைவ் டேட்டா காட்டுங்க" என்று கேளுங்கள்.
இ) "சென்சாரா, வயரா, எப்படிப் பாத்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.
ஈ) கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

32/
வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை. ஆயிரம் ரூபாய்க்குள் ப்ளூடூத் ஓபிடி கருவி கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். காற்றின் வெப்பம், எஞ்சின் கூலன்ட்டின் வெப்பம், வெளியே இருக்கும் வெப்பம் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இன்டேக் அழுத்தம் சென்னையில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டி இருக்கும். ஊட்டியில் 77, 78. ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால், பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

33/
உங்கள் வண்டியில் மாஃப் சென்சார் இருந்து, பி0101 என்று வந்தால்? அளந்த காற்றின் கணக்கு எஞ்சினின் கணக்கோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். சென்சாருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் அளக்காத காற்று உள்ளே நுழையும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெட்டியின் கிளிப் சரியாக மாட்டாமல் இருக்கலாம், சென்சார் கம்பியில் தூசி படிந்திருக்கலாம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால்தான் சுத்தம் செய்ய வேண்டும். விரலோ துணியோ கூடாது. கார்ப் கிளீனரும் கூடாது. இத்தனையும் பார்த்த பிறகுதான் புது சென்சார்.

34/
பயப்படவும் தெரிய வேண்டும். மஞ்சள் லைட் நிலையாக எரிந்து, வண்டி ஒழுங்காக ஓடினால் நிதானமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அதே லைட் விட்டு விட்டுச் சிமிட்டினால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது. வேகத்தைக் குறைத்து சீக்கிரம் நிறுத்துங்கள், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விடும். சிவப்பில் ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ எரிந்தால் ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள்.
உடம்பிலும் அப்படித்தான். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல். இதெல்லாம் சிவப்பு லைட். அங்கே இந்த இழையை நினைத்து யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஓட வேண்டும்.

35/
நோயாளிகளாக வரும்போது.
அ) ஃபைலை நீட்டுவதற்கு முன்னால் கதையைச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, என்ன வேலை செய்கிறீர்கள், காட்டுப் பக்கம் போனீர்களா.
ஆ) "இந்த ரிப்போர்ட் எனக்கு இருக்கிற தொந்தரவோட பொருந்துதா டாக்டர்?" என்று கேளுங்கள். கோபப்படும் மருத்துவரிடமும் ஒருமுறை கேளுங்கள்.
இ) மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு வராதீர்கள். தடயம் அழிந்துவிடும்.
ஈ) மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே உடம்பு முழுக்க ஒருமுறை பாருங்கள். கருப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டக் கூச்சப்படாதீர்கள்.
உ) மருந்தே வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் உங்களைப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகப் பார்த்ததால்தான் அப்படிச் சொல்கிறார்.

36/
அன்று 500 ரூபாய் கூலிக்கு நான் ஆயிரம் கொடுத்தேன். அண்ணன் மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "வயர் வேலைக்கு இதுவே போதும் சார்."
"வயருக்கு இல்லண்ணே, தேடினதுக்கு" என்றேன்.
சிரித்துக்கொண்டே சொன்னார்: "தேடுறதுக்கு யாரும் குடுக்கறதில்ல சார். அதான் எல்லாரும் மாத்துறாங்க."
நான் மேலே பத்துப் பத்தியில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

37/
நாளை காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். எலிப் புழுக்கை, இலை, நார் ஏதாவது இருக்கிறதா என்று. அடுத்த முறை மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு கொடுங்கள். அடுத்த முறை நான் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் "எதுக்கு சார் இதெல்லாம், ஒரு ஊசி போடுங்க" என்று சொல்லாதீர்கள்.

உங்கள் வண்டியிலோ உடம்பிலோ இப்படித் தேவையில்லாமல் பார்ட் மாற்றிய கதை இருந்தால் கீழே எழுதுங்கள். கடைப் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். கடைசியில் உண்மையான காரணம் என்னவென்று மட்டும் எழுதுங்கள். படிக்கிற நாலு பேருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் அரசு மருத்துவர்